நாலு கதவு வண்டி

"லைன்ல யாராவது இருக்கீங்களா, இல்ல வெறும் காத்துதானா?" என்று டெல்பர்ட் என்னிடம் கேட்டார்.

நான் இருந்தேன். முதியோர் இல்லத்தின் சலவை அறையில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் முதுகைச் சாய்த்து, தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தேன். தான் விற்கிற பழைய வண்டி எனக்கு நிஜமாகவே வேண்டுமா என்று அவர் அதற்கு முன்பு கேட்டிருந்தார். நானும் பதில் சொல்லியிருந்தேன். ஸ்வீடனில் எங்கள் பக்கத்தில் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. உதட்டைக் கொஞ்சம் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தால் போதும். கடையில், பேருந்தில், சாவு வீட்டில்கூட எங்களுக்கு அதுதான் ஆமாம். கொலராடோவின் கிழக்கு ஓரத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு அது தெரிய நியாயமில்லை. இரண்டு தடவை ஆமாம் சொன்னேன். இரண்டு தடவையும் அவருக்குக் காற்றுதான் கேட்டிருக்கிறது.

"வேணும்," என்றேன் கடைசியில். பிறகு, தொடங்கியாகிவிட்டது என்பதால், "நாலு கதவுதானே?" என்றும் கேட்டேன்.

அவர் சிரித்தார். "நாலேதான். அதச் சொன்னதும் எல்லாரும் போனை வெச்சிடறாங்க. சந்தோஷமா கேக்கற மொத ஆள் நீதான்."

சந்தோஷத்துக்குக் காரணம் விலை. எங்கள் ஊரில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்பவர்களில் பாதிப்பேரிடம் பழைய அமெரிக்கக் கார் இருக்கிறது. இரண்டு கதவு வண்டிக்கு ஒரு விலை. மேற்கூரையைத் திறக்க முடிகிற வண்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. நாலு கதவு வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடும்பஸ்தன் வண்டி, பாதிரியார் வண்டி என்று பேர் வைத்து ஒதுக்கிவிடுவார்கள். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துச் சம்பாதிக்கிற எனக்கு, அவர்கள் ஒதுக்கியதில்தான் ஏதாவது கிடைக்கும்.

கோடைகால வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கார்கள் எல்லாம் சாயங்காலம் வெளியே வரும். பெட்ரோல் நிலையத்தில் தொடங்கி, ரயில் நிலையம் வரை போய், பாலத்தைச் சுற்றி மறுபடி பெட்ரோல் நிலையம். நடக்கிற வேகத்தில், சன்னலை இறக்கிவிட்டு, அதே சுற்று திரும்பத் திரும்ப. எதிரே வருகிறவரைப் பார்த்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினால் போதும். யாரும் நிறுத்திப் பேசச் சொல்ல மாட்டார்கள். நான் பன்னிரண்டு வயதிலிருந்து என் அண்ணன் ரொன்னியின் காரில் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து போகிறேன். இரண்டு பக்கமும் அவனுடைய நண்பர்கள், மடியில் பீர் டப்பாக்கள். என் முழங்கால் என் மோவாயைத் தொடும். சன்னல் எனக்கு எட்டாது.

பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டேன். வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். மூன்று முறை நின்றேன். மூன்றாவது முறைக்குப் பிறகு போகவில்லை. ஊரில் என்னைப் பற்றி யாரும் கெட்டதாகச் சொல்வதில்லை, ரொன்னியின் தங்கை என்று சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கார்களின் வரிசையில் ஒரு வண்டி என்னுடையதாக இருந்தால், நான் ஓட்டினால், வாயைத் திறக்காமலே ஊரோடு சேர்ந்து இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருந்தது. இரண்டு விரல் தூக்க என்னால் முடியும்.

வண்டியைக் கப்பலில் கொண்டுவர ஸ்தூரேயைத்தான் பிடிக்க வேண்டும். ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முடியை எண்ணெய் வைத்துப் பின்னால் வாரியிருப்பார், மேல் உதட்டுக்குள் எப்போதும் புகையிலைப் பொடி உருண்டை. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கண்டெய்னர் பிடித்து நாலு கார்களை அதில் அடுக்கி வரவழைப்பார். வாடகையை நாலாகப் பிரித்துக்கொள்வார்கள். ரொன்னி என்னை அவருடைய கொட்டகைக்கு அழைத்துப்போய் என் தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினான். 1964ஆம் வருஷத்து டாட்ஜ். வெயில் குடித்து வெளுத்துப்போன பச்சை.

"நாலு கதவா?" என்றார் ஸ்தூரே. "எதுக்கு பொண்ணே, சாவு ஊர்வலத்துக்கா?"

"அவ காசு, அவ வண்டி," என்றான் ரொன்னி. "உங்க வேல ஏத்தறது."

"ஏத்தறேன், ஏத்தறேன். கியர் எங்க இருக்கு?"

"பொத்தான்," என்றேன். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஐந்து வெள்ளைப் பொத்தான்கள். அழுத்தினால் கியர் விழும்.

"இவ பேசறாளே!" என்று ஸ்தூரே ரொன்னியைப் பார்த்துக் கண்ணடித்தார். "வண்டி வர்றதுக்குள்ள பாட்டே பாடிடுவா போல."

அதற்கப்புறம்தான் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. காரைக் காலியாக வரவழைப்பது பாவம் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. கண்டெய்னருக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது, காருக்குள் காற்றை நிரப்பிக் கொண்டுவருவானேன்? அதனால் அமெரிக்காவில் எங்கெங்கோ வாங்கிய பம்பர், கதவு, சைலன்சர் எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்யும் கூடத்துக்கு அனுப்பி, கார்களுக்குள் திணிக்கச் சொல்வார்கள். அந்த வருஷம் மற்ற மூன்றும் இரண்டு கதவு வண்டிகள். என்னுடையதில்தான் ஏற்ற வசதி. ஒருவர் கண்ணாடி என்றார். இன்னொருவர் நாலு சக்கரம் என்றார். ரொன்னி அவனுடைய காருக்கு ஒரு கியர்பாக்ஸ் என்றான். ஸ்தூரே, "முன் சீட்டுல ஒரு சின்னச் சாமான் வெச்சுக்கட்டுமா?" என்றார். எல்லோருக்கும் மூச்சை உள்ளே இழுத்தேன். இல்லை என்பதற்கு எங்கள் ஊரிலும் குரல் வேண்டும்.

வண்டியை லாரியில் ஏற்றிவிட்ட அன்று டெல்பர்ட் எழுதியிருந்தார். முன் சீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், என் மனைவி நகரத்துக்கு முட்டை விற்கப் போன வண்டி அது, சீட்டின் மேல் எப்போதும் ஒரு போர்வை விரித்து வைத்திருப்பாள், இத்தனை வருஷத்தில் ஒரு தையல்கூட விடவில்லை என்று. கூடவே ஒரு படம். வெளியே பச்சை வெளுத்துக் கிடக்க, உள்ளே சீட்டின் பச்சை புது இலைபோல இருந்தது. பொறாமைப்படும்படி இருந்தது. வேலை இடைவேளையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். முட்டைக்கூடை பக்கத்தில் இருக்க, அந்த அம்மாள் தன்னந்தனியாக நேர் சாலையில் போயிருப்பாள். யாரிடமும் ஒன்றும் பேச வேண்டியிருந்திருக்காது.

ஏப்ரல் தொடக்கத்தில் கோதன்பர்க் துறைமுகத்துக்கு ஸ்தூரேயும் ரொன்னியும் நானும் போனோம். ஸ்தூரேயின் வேன், பின்னால் கார் ஏற்றுகிற இழுவை வண்டி. வழியெல்லாம் காப்பி குடித்து ஏலக்காய் பன் தின்றுகொண்டு, யார் எந்த வருஷம் எந்த வண்டியில் என்ன கோளாறைக் கண்டார்கள் என்று அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். கண்டெய்னரைத் திறந்ததும் முதலில் என் வண்டியின் பின்பக்கம் தெரிந்தது. அது உட்கார்ந்திருந்தது. பாரம் தாங்காமல் பின் சக்கரத்துக் கமான் பட்டை ஒன்று முறிந்து, உடம்பு சக்கரத்தின் மேலேயே படிந்துவிட்டிருந்தது. சன்னல்கள் வழியாக மறுபக்கம் தெரியவில்லை, வெறும் இரும்பு. வண்டியை வெளியே இழுத்ததும் முன் கதவைத் திறந்தேன். ஸ்தூரேயின் சின்னச் சாமான் ஒரு முழு எஞ்சின் பிளாக். சீட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கி, கறுப்பு எண்ணெயை வடித்து, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே கூடு கட்டியதுபோல் உட்கார்ந்திருந்தது.

"துணிதானே," என்றார் ஸ்தூரே எட்டிப் பார்த்து. "தச்சுக்கலாம். பிளாக்கப் பாரு ரொன்னி, ஒரு கீறல் இல்ல!"

ரொன்னி பிளாக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "மேல ஒரு போர்வையாவது போட்டிருக்கக் கூடாதா?" என்றான் அவரிடம்.

"கேட்டேன்ப்பா. சரின்னாளே."

உண்மைதான். சரி என்றேன். அவர் அதைச் சொன்னபோது துறைமுகத்துக் காற்று என் கண்ணில் உப்பை அடித்துக்கொண்டிருந்தது, அதனால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் முற்றத்துக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். அவரவர் சாமானை வெளியே இழுத்தார்கள். காப்பி குடித்தார்கள். "நல்ல மனசு உனக்கு," என்று என் தோளில் தட்டினார்கள். "அடுத்த வருஷமும் நாலு கதவாவே வாங்கும்மா," என்றார் ஒருவர், எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனபின் வண்டி காலியாக, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே தரையில் கோதுமை மணிகள் சில கிடந்தன.

ரொன்னி அன்றே படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். அடுத்து வந்த நாட்களில் ஆலை வேலை முடிந்து வந்ததும் சாப்பிடக்கூட வராமல் பட்டைகளைக் கழற்றினான், பக்கத்து ஊர்க் குப்பைக் கிடங்கில் வேறு வண்டியின் பட்டைகளைத் தேடிப் பிடித்து வந்து மாட்டினான். பிரேக் குழாய்களை மாற்றினான். என்னிடம் ஒரு காசு வாங்கவில்லை. அவனுடைய சொந்தக் கார் கொட்டகையில் கட்டைகள் மேல் நின்றது, புதுக் கியர்பாக்ஸ் பெட்டியில் இருந்தபடியே. "அத அப்பறம் பாத்துக்கலாம்," என்றான். நான் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்த் தைத்தேன். முதியோர் இல்லத்தில் தூக்கி எறிந்த பழுப்புத் திரைச்சீலை ஒன்று இருந்தது. பச்சைக்கு அது பொருந்தவே இல்லை. நடுவில் ஒரு பெரிய பழுப்புத் தழும்பு. எண்ணெய் வாடை மட்டும் எதற்கும் போகவில்லை. வண்டிக்குப் பதிவு எண் வாங்கச் சோதனை நிலையத்துக்குப் போனோம், பிரேக் தேறியது, மஞ்சள் நிற வேலைச்சட்டைக்காரர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் குழந்தைபோல் சிரித்தார். போகும்போதும் வரும்போதும் ரொன்னிதான் ஓட்டினான். வண்டிக்கு இன்னும் எண் இல்லை, அவனுக்குத்தான் அனுபவம். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை.

பிறகு மழை வந்தது. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டிய உப்பை மழை கழுவும்வரை, துருப்பிடிக்கும் என்று, எங்கள் ஊரில் எந்தப் பழைய காரும் வெளியே வராது. ஏப்ரல் கடைசி நாள், குளிர்காலத்தை எரிக்கிறோம் என்று ஆற்றங்கரையில் தீ மூட்டுகிற நாள், சாலை நன்றாகக் காய்ந்திருந்தது. வருஷத்தின் முதல் சுற்று அன்றைக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கும் வெயில் மஞ்சளாக நின்றது. நான் தலையை இரண்டு முறை சீவி, ஒரு முறை கலைத்து, வெளியே வந்தேன்.

ரொன்னி ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த முடி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தையல் போட்ட இடத்தின்மேல் அவனுடைய தோல் சட்டையை மடித்து வைத்திருந்தான், கண்ணில் படாதிருக்க.

"ஏறு," என்றான். "என்ன சத்தம் பாரு. தையல் மிஷின் மாதிரி ஓடுது."

அவன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவருகே போய் நின்றேன்.

"அந்தப் பக்கம் வந்து ஏறு, இல்வா."

நான் நகரவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவன் கை பொத்தானிலிருந்து இறங்கியதில் தெரிந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் பேசினான், சின்ன வயதில் எனக்காகக் கடைக்காரரிடம் பேசுவதுபோல. "மொத நாளு. எல்லாரும் இந்த வண்டியத்தான் பாப்பாங்க. பாலத்துகிட்ட கூட்டமா நின்னு உத்துப் பாப்பாங்க. கேலி பண்ணுவாங்க. உனக்கு அதெல்லாம் ஆகாது. இன்னிக்கு நான் ஓட்டறேன். ரெண்டு மூணு வாரம் போவட்டும். அப்பறம் நீ. சரியா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் நகத்தில் என் வண்டியின் கறுப்பு இன்னும் இருந்தது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது, உள்ளே அவன் கார் கட்டைகள்மேல் நின்றது, என்னால்தான்.

"இல்ல," என்றேன்.

"என்ன இல்ல?"

"நான்தான் ஓட்டுவேன்."

"சரி, பெட்ரோல் பங்க் வரைக்குமாவது நான் கொண்டு..."

"இல்ல, ரொன்னி."

என் குரல் முற்றத்தில் அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அது வரவில்லை. வந்த இரண்டு 'இல்ல'யோடு குரல் தீர்ந்துபோனதுபோல் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் வேறு யாராவது நின்று பேசினார்களா என்று தேடுவதுபோல் ஒரு பார்வை. பிறகு இறங்கினான். தோல் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கதவை எனக்காகத் திறந்தபடியே விட்டு, சரளைக்கல்லில் நடக்கத் தொடங்கினான்.

நான் உட்கார்ந்தேன். சீட் அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. கண்ணாடி வழியாக அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. வாசலில் இரட்டைக் கேட். ஒரு பக்கம் திறந்தாலே ஆள் போகலாம். அவன் ஒரு பக்கத்தைத் திறந்தான். நின்றான். பிறகு மற்றப் பக்கத்தின் தாழை மேலே தூக்கி, புல்லில் சிக்கியிருந்ததை இழுத்து, வண்டியின் முழு அகலத்துக்கும் திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாதபடி ஒரு கல்லைக் காலால் நகர்த்தி அதற்கு முட்டுக் கொடுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. சாலையில் ஏறி, ஆற்றுப் பக்கம் எழுந்துகொண்டிருந்த புகையைப் பார்த்தபடி நடந்து போனான்.