கண்ணுக்குக் கீழே இருந்த பிழைப்பு

ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவருக்கு வைத்த பெயர் சோகம். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள், அவற்றுக்கும் கீழே இரண்டு பள்ளங்கள். உண்மையில் மனிதர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுகிற ரகம். பார்க்கிறவர்களுக்குத்தான், இப்போதுதான் யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவர் போலத் தெரியும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ரொம்பக் கத்துகிறவர்களை மேலாளர் சோகத்தின் மேசைக்கு அனுப்பிவிடுவார். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்து வந்த ஒரு அம்மாள், அந்த முகத்தைப் பார்த்ததும் ஃப்ரிட்ஜையே மறந்து, வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இந்தப் பிழைப்பில் மண் விழுந்தது ஒரு துணிக்கடையில். மனைவியோடு போயிருந்தார். கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அக்கா, அப்பாவ உக்கார வைங்க, பாவம்," என்றார். மனைவி அவரைவிட இரண்டே வயது இளையவள். வீடு வந்து சேரும்வரை சிரித்தாள்.

சோகத்துக்குப் பொறுக்கவில்லை. நேரே முகச் சீரமைப்பு டாக்டரிடம் போய் நின்றார். வயது ஏற ஏறக் கீழ் இமை தளர்ந்து, உள்ளே இருக்கும் கொழுப்பு பிதுங்குகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். இமையின் உள்பக்கமாகக் கீறி, பிதுங்கியதைப் பள்ளத்தில் பரப்பிவிடலாமாம். "உங்க சொத்த உங்களுக்கே பங்கு பிரிச்சுத் தரேன்."

வீக்கமெல்லாம் வடிந்தபின் கண்ணாடியில் அவருடைய தம்பி போல ஒருவர் நின்றார். அந்தத் துள்ளலோடு ஆபீஸ் போனார்.

முதலில் வந்தவரே மேசையைக் குத்தினார். "நாங்க வீட்ல கெட்டுப்போனதத் தின்னுட்டு இருக்கோம். நீங்க என்னடான்னா ஊர் சுத்திட்டு வந்தவர் மாதிரி உக்காந்திருக்கீங்க." அடுத்தவர் ஐஸ் தட்டையே விட்டெறிந்தார். மேலாளர் கூப்பிட்டு, இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று தலையில் அடித்துக்கொண்டார். இப்படியே போனால் கிடங்கில் பெட்டி தூக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். இத்தனை வருட வேலையில் அன்றுதான் சோகம் நிஜமாகவே சோகமாக இருந்தார். பாழாய்ப்போன முகம் அதைக் காட்டவே இல்லை.

மனைவிதான் கைகொடுத்தாள். மறுநாள் காலை கண்மையும் பவுடருமாகக் குழைத்து, அவர் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் வரைந்தாள்.

"சிரிக்காதீங்க. பை கோணிக்குது."

அன்று வந்தவர்கள் பூனைபோல வந்து, பூனைபோலப் போனார்கள். மேலாளர் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாலையில் மனைவி ஆபீஸ் வாசலிலேயே காத்திருந்து, துணிக்கடைக்குக் கூட்டிப்போனாள். அவருக்கு முகத்தைக் கழுவ மறந்துவிட்டது. அதே கடைக்காரர், அதே ஸ்டூல். சோகம் மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்கப்பா," என்றாள். "துணி எடுக்க நேரமாகும்."

"சரிம்மா," என்று உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார் சோகம்.