ஓட்டை இல்லாத வண்டி

கேபின் தரை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதென்று, முட்டை வியாபாரி தனபாலின் பழைய பிக்கப்பை எஃப்சியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஃப்சி என்ற தகுதிச் சான்று இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறாது. மெக்கானிக் அன்பரசு புதுத் தகடு வைத்துச் சீலன்ட் பசை பூசினான். அவன் கூலியில் பத்துப் பைசாகூடக் குறைக்காத ஆத்திரத்தில், தண்ணீர் வடியக் கம்பெனியே விட்டிருந்த துளைகளையும் அதே கூலிக்கு அடைக்கவைத்தார் தனபால்.

மறுபடி எஃப்சிக்குப் போகவேண்டிய வெள்ளிக்கிழமை காலை, மனைவி சௌந்திரம் வாராவாரம் செய்வதுபோல நாலு வாளித் தண்ணீரைக் கேபினுக்குள் ஊற்றிக் கழுவினாள். எப்போதும் ஓட்டை வழியாக ஓடிவிடும் தண்ணீர் இன்று கணுக்கால் அளவுக்கு நின்றது. மொண்டு இறைப்பதற்குள் தரையோடு போகும் ஒயரெல்லாம் ஊறிவிட்டது. சாவியைத் திருகினால் வண்டி முனகக்கூட இல்லை.

தனபால் அன்பரசுவுக்குப் போன் போட்டார்.

“ஏஞ்சாமி, வண்டிக்குள்ள கெணறு வெட்டிக் குடுத்திருக்கற?”

“அந்த ஓட்டையையும் அடைக்கச் சொன்னது நீங்கதானுங்க மாமா. ஒயரு காய ரெண்டு நாளாகுமுங்க.”

“பதினோரு மணிக்கு எஃப்சிடா.”

“நானென்னங்க பண்ணட்டும்?”

“காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்றபடி சௌந்திரம் பழைய துண்டால் தரையை ஒற்றிக்கொண்டிருந்தாள். தனபால் காலைத் தூக்கிக்கொண்டு, ஓடாத வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மணி பத்தேமுக்கால்.