ஸிப்பைப் பிரித்தவன்

மலை டவுனான தானா ராத்தாவில் ஈசா பாய் தன் சாப்பாட்டுக் கடையில் வைத்த கேம் மெஷின், ஒரே வாரத்தில் கறுப்புத் திரையாகிவிட்டது. அதை அமைத்துக் கொடுத்த தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி விக்னேஸ்வரியின் பெயர் டவுன் முழுக்க நாறியது. நாறடித்தவன் பாயின் மகன் ரிதுவான். கடையை ஒட்டிய மளிகைப் பக்கம் அவன் பொறுப்பு. உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பவன்.

"நீங்க போட்டது சரியில்லக்கா. வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன்."

மெஷினைப் பார்க்க வந்த விக்னேஸ்வரி, கேம்களைத் தொடங்கிவைக்கும் லாஞ்சரின் கோப்புறையைத் திறந்தாள். அவள் சுருக்கிக் கட்டிப் போட்டிருந்த ஸிப் கோப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிரிக்கப்பட்டு, புதுப் பெயர்களோடு வரிசையாகக் கிடந்தன.

"யாரு பிரிச்சது?"

"நாந்தான். சரக்க மூட்டையிலயே வச்சிருப்பாங்களா? பிரிச்சு, பேரு போட்டு அடுக்கினேன்."

"இது பருப்பு மூட்டை இல்ல லா. ஆர்கேட் கேம ஓட்டுற எமுலேட்டர் புரோகிராம் அத ஸிப்பாவேதான் படிக்கும். பேர மாத்தினாலும் அதுக்கு அடையாளம் தெரியாது. கேட்டுட்டுச் செய்ய வாய் வலிச்சுச்சா?"

பென்டிரைவிலிருந்து பழைய கோப்புகளை மறுபடி ஏற்றினாள். திரையில் விண்கலம் சீறிக் கிளம்பியது.

"நெட்டு ஸ்லோவா இருந்திருக்கும்," என்றான் ரிதுவான்.

"இந்த மெஷினுக்கு நெட்டே கிடையாது, தம்பி."

மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஈசா பாய் அவர்கள் காதில் விழும்படியே சொன்னார்: "விக்கி செஞ்சது சரியாத்தான் இருந்திருக்கு. கெடுத்தது என் புள்ள."