வாட்ச்சுக்கு அடியில் இருந்த நிறம்

செந்தாமரைக்கு மணப்பெண்கள் மேல் இருந்த கோபம் ஒன்றே ஒன்றுதான். "ரெண்டு ஷேடு வெள்ளையாப் போடுங்கக்கா" என்பார்கள். போட்டால் முகம் சீமையிலிருந்தும் கழுத்து திருக்காட்டுப்பள்ளியிலிருந்தும் வந்ததுபோல இருக்கும். ஃபவுண்டேஷன் என்றால் போட்டதே தெரியக் கூடாது. தெரிந்தால் அது மேக்கப் இல்லை, சுவருக்கு அடித்த சுண்ணாம்பு. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நுஸைபா அப்படியெல்லாம் கேட்கவில்லை. நிக்காஹ் அன்று காலை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்ததும், துப்பட்டா முனையில் சுற்றி வைத்திருந்த சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இதத்தான் போடணும்க்கா. அத்தா வாங்குனது."

அவள் அத்தா உபைதுல்லா ஷார்ஜாவில் கட்டட வேலை பார்த்தவர். மகள் கல்யாணத்துக்கு வர டிக்கெட்டும் எடுத்துவிட்டார். மார்வலி முந்திக்கொண்டது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஊருக்கு வந்தது அவர் கட்டி வைத்திருந்த பெட்டி மட்டும். அதற்குள் ஒரு பட்டுப்புடவை, அத்தர், இந்த பாட்டில். அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்காத பெண்ணிடம் ஷேடு பற்றி என்ன பேசுவது?

செந்தாமரை அவள் முகத்தைத் துடைத்து, க்ரீம் தடவி, அது ஊறும்வரை பொறுத்தாள். பிறகு தாடையோரம் ஒரு சொட்டு வைத்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் பூத்திருந்தது. தினமும் வெயிலில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வரும் மாநிற முகம் அது.

"அத்தா எத வச்சும்மா கலர் பாத்தாங்க?"

நுஸைபா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"கடைக்காரப் பொண்ணு கைய நீட்டச் சொல்லுச்சாம். கைதான் வெயில்ல கரிக்கட்டையாக் கெடக்குதே. வாட்ச்சக் கழட்டிட்டு அந்த எடத்துல போட்டுப் பாத்திருக்காங்க. 'அதுக்கு அடியிலதான் உங்கத்தா இன்னும் ஊர்ல இருந்த கலர்ல இருக்கேன், நீ என் கலருதானே'ன்னு போன்ல சொன்னாங்கக்கா."

வேறு யாராக இருந்தாலும், "கையில பாக்காத, தாடையில பாரு" என்று செந்தாமரை ஒரு பாட்டம் திட்டியிருப்பாள். இப்போது ஸ்பாஞ்சை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

"எப்படி இருந்தாலும் அதையே போட்டு விடும்மா. அவங்க ஆசையா வாங்குனது" என்றாள் கதவோரம் நின்ற தாய் சைத்தூன் பீவி.

போடலாம்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா? 'என்ன கருமத்தப் பூசியிருக்காங்க' என்று ஒருத்தி சொன்னால் போதும். அந்தப் பேச்சு, போய்ச் சேர்ந்த மனுஷர் வாங்கிய பொருள் மேல்தானே விழும்?

"என்னோடதுல கொஞ்சம் கலந்து போட்டுரட்டா?"

"கலந்தா அது அத்தா வாங்குனது இல்லையேக்கா."

செந்தாமரை நுஸைபாவின் இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். மருதாணி உள்ளங்கையோடு நின்றிருந்தது. மணிக்கட்டில் தினமும் கட்டும் வாட்ச். வளையல் போட எப்படியும் கழற்ற வேண்டியதுதான். கழற்றினாள். அடியில் வெயில் படாத வெளுப்பு. அங்கே ஒரு சொட்டு வைத்து மெல்ல ஒற்றினாள்.

அப்படியே தோலோடு தோலாகிவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு பொருத்தத்தை அவள் பார்த்ததில்லை.

"உங்கத்தா சரியாத்தாம்மா வாங்கியிருக்காங்க. முகத்துக்கு என்னோடதப் போடுறேன். இது இங்க இருக்கட்டும்."

நுஸைபா கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவித் தேடினாள்.

"எங்கக்கா போட்டீங்க?"

"இந்தா, இங்கதான்."

"காணோமேக்கா. ஒண்ணுமே தெரியலையே."

போட்டது தெரியக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு, இந்த ஒரு தடவை தெரிந்துதொலைத்தால்தான் என்ன என்று இருந்தது.

"இன்னொரு சொட்டு வைங்கக்கா" என்றாள் நுஸைபா.

வைத்தாள். அதுவும் தெரியாமல் போய்விட்டது.