மூன்றும் ஒரே அரக்கு

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் எனக்கென்று ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்ததில்லை. புடவைக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பென்னலூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மருமகள்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே கலர், ஒரே கரை. மருமகள்களுக்குள் சண்டை வரக்கூடாதென்று என் மாமியார் போட்ட சட்டம் அது. மாமியார் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, சட்டம் மட்டும் சாகவில்லை. பெரிய ஓர்ப்படி அம்சவல்லி அக்கா அதைக் கட்டிக் காத்துவந்தாள். அவளும் நானும் சின்னவள் லீலாவும் கோயிலுக்குப் போனால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போவதுபோல இருக்கும். தெருவே பார்த்துச் சிரிக்கும்.

அந்தத் தீபாவளிக்கு நான் பிடிவாதம் பிடித்தேன். என் வீட்டுக்காரர் சுப்பராயன் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். தினமும் பட்டணம் போய்வருகிற மனுஷன். போனஸ் கைக்கு வந்ததும் என்னை ஒரு நாள் தி.நகர் கூட்டிப்போக வேண்டும், என் புடவையை நானே எடுக்க வேண்டும், பிறகு ஓட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். பத்து நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகு அவர் ஓ.டி.யைக்கூட விட்டுவிட்டு லீவு போட்டார்.

போகிற அன்று காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் அக்கா தயாராக நிற்கிறாள். கையில் தூக்கு. தூக்கு நிறையப் புளிச்சோறு. மூன்று புடவையும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டுமே, தானும் வருவதாகச் சொன்னாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் செருப்பின் வாரைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

தினமும் பட்டணம் போகிறாரே, எல்லா இடமும் தெரியும் என்று நம்பிப் போனேன். அவருக்குத் தெரிந்த பட்டணம் பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும்தான். தி.நகருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாலேயே இறக்கிவிட்டு, இதுதான் என்றார். அங்கிருந்து வெயிலில் நடை. போகிற வழியில் ஒரு ஓட்டலைத் தாண்டினோம். நெய் வாசனை தெரு முனைவரைக்கும் வந்தது. அக்கா மூக்கைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை. பார்க்கில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். புளிச்சோறு சாப்பிடவா நான் பட்டணம் வந்தேன்? புடவை எடுத்து முடித்ததும் ஓட்டலில்தான் சாப்பாடு, அதுவரை யாரும் எதையும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வீம்புக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் வயிறு பதில் சொல்லிற்று.

கடையில் நிற்க இடமில்லை. தீபாவளிக் கூட்டம். ஒருவழியாகப் பாயில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். கடைக்காரர் நாலாவதாக உதறிப் போட்ட புடவையைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டது. மைநீலம். மாம்பழக் கலரில் கரை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதுதான் என் புடவை, தெரிந்துவிட்டது.

"இதுல மூணு குடுப்பா" என்றாள் அக்கா.

அதில் ஒன்றுதான் இருக்கிறதாம். அப்படியானால் வேண்டாம், மூன்று இருக்கிற கலராகக் காட்டச் சொன்னாள். அவரும் மூன்று அரக்கைக் கொண்டுவந்து போட்டார். போன தீபாவளிக்கும் அரக்கு. அதற்கு முந்தின பொங்கலுக்கும் அரக்கு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"அக்கா, செத்தாலும் இந்த அரக்க நான் கட்டமாட்டேன். எனக்கு இந்த நீலந்தான். உனக்குப் புடிச்சத நீ எடுத்துக்கோ. யாரு வேணான்னா?"

கத்தித்தான் சொன்னேன். பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பீடி குடிக்கிற சாக்கில் வெளியே நழுவிவிட்டார். அக்கா திருப்பிக் கத்துவாள் என்று காத்திருந்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் அந்த அரக்கையே பார்த்தாள். பிறகு வேறு காட்டச் சொன்னாள்.

கடைக்காரர் காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பச்சையைத் தோள்மேல் போட்டுப் பார்த்தாள். அவள் அம்மாவுக்குப் பிடித்த கலராம். ஒரு மஞ்சளைப் பிரித்துப் பார்த்தாள். லீலாவின் நிறத்துக்கு எடுப்பாக இருக்குமாம். சிவப்பு அவள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். ஊதா மாமியாருக்கு ஆகாது. செத்துப்போன மாமியாருக்கு! முப்பது புடவை ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. கடைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. மணி மூன்று. எனக்குக் காது அடைத்தது. கத்தினதற்காக வேண்டுமென்றே என்னைப் பழிவாங்குகிறாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப்பார்த்து, பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். ஐந்து மணிக்கும் வந்து அதையே சொன்னார்.

கடைசியில் அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அந்தப் புடவை மலைக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் ஆவலாக நிமிர்ந்தார்.

"இன்னிக்கி வேணாம்பா. யோசிச்சினு வர்றேன்" என்றாள்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் நீலத்தை மட்டும் கட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். கூட்டத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நெய் ரோஸ்ட் ஓட்டலை மறுபடியும் தாண்டினோம், உள்ளே போக நேரமில்லை. பஸ் ஸ்டாப்பில் நான் தாங்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். என் மேலே கோபமென்றால் வீட்டுக்குப் போய்த் திட்டலாமே, ஒரு நாளையே இப்படிப் பாழாக்க வேண்டுமா என்று.

அக்கா தூக்கை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"கோவம் இன்னா ரத்னா. எனக்கு இன்னா கலரு புடிக்கும்னு எனக்கே தெர்ல. பதினாறு வர்சமா ஒருத்தரும் கேக்கல. நானும் என்னிய கேட்டுக்கல. அங்க குந்திக்கினு தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணும் கெடைக்கல."

என்னிடம் மீதியிருந்த கோபத்தை எங்கே கொண்டு போடுவது என்று தெரியவில்லை.

பூந்தமல்லியில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா தூக்கைத் திறந்தாள். மூன்று பேரும் நின்றுகொண்டே புளிச்சோற்றை அள்ளித் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த தரம் லீலாவையும் கூட்டிவர வேண்டும், அவளுக்குப் பிடித்ததை அவளே எடுக்கட்டும் என்றாள் அக்கா. இன்னும் ஒரு நாள் லீவா என்று என் வீட்டுக்காரர் முனகினார்.

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. என் மடியில் நீலப் புடவை. ரொம்ப தூரம் போன பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பச்ச எனக்கு நல்லா இருந்திச்சா ரத்னா?"

நன்றாக இருந்தது, எடுத்திருக்கலாம், எடுத்துத் தொலைத்திருந்தால் நானும் ரோஸ்ட் சாப்பிட்டிருப்பேன். இவ்வளவும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"உனக்குப் புடிச்சிதாக்கா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி யோசிக்க ஆரம்பித்தாள். பென்னலூரில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோதும் யோசித்துக்கொண்டுதான் வந்தாள்.