சோர் என்றால் சோறு இல்லை

"நீங்க என்ன, பெத்த புள்ளைய ஏலம் விடுறீங்களா?"

"மெதுவாப் பேசு தமயந்தி. பிம்லா நிக்குறாங்க."

"நிக்கட்டும்! இன்னைக்கு ஸ்கூல் ஃபைனல். அதை விட்டுட்டு மாசி கிரவுண்டுல எவனோ அமெரிக்காக்காரன் முன்னாடி பந்து போட்டுக் காட்டணுமாம். திங்கக்கிழமை எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ ஸ்கூலுக்குப் போவா?"

"ஸ்கூல் டீமெல்லாம் ஒரு டீமா? ஆரஞ்சுப் பழத்தை நாலா வெட்டித் திங்குறதுக்கு ஒரு கூட்டம்."

"வருஷம் பூரா அந்தக் கூட்டம்தான் அவகூட நின்னுச்சு. உங்க டிராவல் டீம்ல பாதிப் பேருக்கு அவ பேரே தெரியாது."

"பேர் எதுக்கு? கை தெரிஞ்சா போதும்."

ஆக்லாந்தின் கிளென் ஈடனில் இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரைவ்வே. அதனால் ஒரு வீட்டுச் சண்டை இன்னொரு வீட்டுக்கு டெலிவரி செலவில்லாமல் போய்ச் சேரும். பக்கத்து வீட்டு பிம்லா ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். செடி எப்போதோ மூழ்கிவிட்டது. அவள் பாட்டன் பூட்டன் காலத்தில் ஃபிஜிக்குக் கப்பலேறிய குடும்பம். தமிழில் 'சாமி', 'வடை' தவிர ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டையைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு?

சண்டைக்குக் காரணமானவள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ராகவி, பதினாறு வயது. காதில் ஹெட்போன். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், குழந்தையைத் தூங்கவைப்பது போல.

அவள் ஆடுவது சாஃப்ட்பால். பேஸ்பாலின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். பந்து போடுகிறவள் கையை ராட்டினம் மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடவேண்டும். ராகவி விட்டால் எதிரே நிற்கிறவள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து கேட்ச்சரின் கையுறைக்குள் போய் 'டப்' என்று உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடித்தது பள்ளி அணியைப் பார்த்துக்கொள்ளும் சயன்ஸ் டீச்சர். அதைத் தூக்கிக்கொண்டு போனது பக்கத்துப் பேட்டையான மாசியில் பயிற்சி நடத்தும் டேரன் என்பவரின் டிராவல் டீம். பல பள்ளிகளிலிருந்து நல்ல கைகளாகப் பொறுக்கி, பிரிஸ்பேனுக்கும் கலிபோர்னியாவுக்கும் கூட்டிப்போவார்கள். அங்கே அமெரிக்கக் கல்லூரிகள் வலை விரித்துக் காத்திருக்கும் என்று பேச்சு.

தகப்பன் ரவிசங்கர் திருச்சியில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியறியாதவர். ஆபீஸிலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஐ.டி. வேலை. அவர் சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் நின்று, "நம்ம பொண்ணு இப்ப டிராவல்ல இருக்கா" என்று ஆரம்பித்தபோது, கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள் அவள் டிராவல் ஏஜென்சியில் சேர்ந்துவிட்டதாக நினைத்து, பொங்கலுக்குச் சென்னை டிக்கெட் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

தமயந்திக்கும் அமெரிக்கா கசக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. பிறத்தியார் பெற்றோரைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறவளுக்கு மகள் பெரிய கல்லூரியில் படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள ஆசை இருக்காதா? அவளுக்குப் பள்ளிக்கூடத்து மரியாதையும் வேண்டும், கலிபோர்னியாவும் வேண்டும். அதனால் டிரைவ்வேயில் நின்றபடியே தீர்ப்பு வழங்கினாள்.

"சரி. காலையில ஸ்கூல். மத்தியானம் மாசி. ரெண்டும் ஆடட்டும்."

ரவிசங்கரின் முகம் மலர்ந்தது. இத்தனை எளிய வழி இருக்கும்போது எதற்காகக் கத்தினோம் என்று இருவரும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டார்கள். கையின் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை.

ராகவி ஹெட்போனைக் கழற்றினாள். "அம்மா, இட்ஸ் சோர்."

"சோறா? டப்பால தயிர்சாதம் வச்சிருக்கேன்டி."

இது அந்த வீட்டின் பழைய ஜோக். தமயந்தி நாடு விட்டு வந்த புதிதில், பாலர் வகுப்பு ராகவி ஓடி விளையாடிவிட்டு வந்து "ஐயம் சோர்" என்று அழ, இவள் பதறிப்போய் ஒரு தட்டு ரசம் சாதம் பிசைந்து வந்து நீட்டினாள். இங்கே வலிக்கு அதுதான் சொல் என்று மறுநாள் வேலையிடத்தில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தீபாவளி விருந்து தவறாமல் இந்தக் கதை பரிமாறப்படும். பிள்ளை 'சோர்' என்றால் தாய் 'சோறு' என்பாள், தகப்பன் சிரிப்பார், பிள்ளையும் சிரிக்கும். அன்றைக்குப் பிள்ளை சிரிக்கவில்லை. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டது.

மைதானத்தில் சயன்ஸ் டீச்சர் தமயந்தியிடம் நேராக வந்தார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு: வாரநாளில் வேறெங்காவது பந்து போட்ட பெண் சனிக்கிழமை பள்ளிக்குப் போடக்கூடாது. கோப்பையே போனாலும் சரி.

"இந்த வாரம் மாசியில போட்டாளா?"

"நோ, நோ. ஸ்கூல் மட்டும்தான்," என்றாள் தமயந்தி.

செவ்வாயும் வியாழனும் ராகவி இருட்டும்வரை மாசியில் போட்டிருந்தாள். சொன்னவள் நர்ஸ் ஆயிற்றே என்று டீச்சர் நம்பினார்.

பள்ளி ஜெயித்தது. பெண்களெல்லாம் ஓடிவந்து ராகவியின் மேல் விழ, அவள் வலது தோளைத் திருப்பிக்கொண்டு இடது பக்கத்தை மட்டும் கொடுத்தாள். அதை ஒருத்திதான் பார்த்தாள். கஜானி, பள்ளி அணியின் கேட்ச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். ராகவியின் பந்தை வருடம் முழுக்கக் கையுறையில் வாங்கியவள். தூசி படிந்த முழங்காலோடு தமயந்தியிடம் வந்தாள்.

"அன்ரி, ராகவிக்குக் கை ஏலாது. பந்து முந்தி மாதிரி வரேல்ல. பின்னேரம் போட விடாதேங்கோ."

"யாரும்மா சொன்னா? அவ சொன்னாளா?"

"அவள் சொல்லமாட்டாள் அன்ரி. தண்ணிப் போத்தலையும் இடக்கையாலதான் தூக்குறாள்."

தமயந்தி சிரித்து அவள் கன்னத்தைத் தட்டினாள். இந்தக் கஜானியும் மாசிக்குத் தேர்வுக்குப் போய், வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டவள். அது தமயந்திக்கு நன்றாக நினைவிருந்தது. காரில் ஏறியதும் கணவனிடம் சொன்னாள்: "வீட்டுக்குப் போனதும் முதல்ல உப்பு மிளகா சுத்திப் போடணும். அந்தப் பொண்ணு கண்ணே சரியில்ல."

பின் சீட்டில் தயிர்சாத டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

மாசியில், கல்லூரிக்கு ஆள் பொறுக்க வந்த அமெரிக்காக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வலைக்குப் பின்னால் நின்றார். டேரன் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று விரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். ரவிசங்கர் போனில் வீடியோ எடுத்தார். ராகவியின் கை ஒரு சுற்று மேலே போனது. கீழே வரும்போது ஒரு சத்தம். மட்டை உடைந்ததென்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பந்து மட்டை வரைக்கும் போகவேயில்லை.

தமயந்தி ஓடினாள். மகளின் கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் போன நாள் முதல் எதைக் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொன்ன பெண், அம்மாவின் முகத்தைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படிப்பது போலச் சொன்னாள்:

"வலிக்குது, அம்மா."

சோறு என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாத சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

எலும்பில் முன்னாலேயே கீறல் விழுந்திருந்தது, அதன்மேல் போட்டுப் போட்டு ஒடித்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். ஒடிந்த முனை நரம்பையும் நசுக்கியிருந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். எலும்பு ஒட்டியது. கை தோளுக்கு மேல் எழவில்லை. மணிக்கட்டு தொங்கியது தொங்கியபடிதான்.

டேரனிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று போனில் வந்தது. டிராவல் டீம் வேறொரு கையைத் தேடிக்கொண்டு விமானம் ஏறியது. சயன்ஸ் டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். திட்டவில்லை. "ஸ்கூல் மட்டும்தான் என்று சொன்னீர்களே" என்றார், அவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் யாருக்கு எங்கே வலி என்று வாய் திறக்காமலே கண்டுபிடிப்பாள் என்று பேர் வாங்கிய தமயந்தி, கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

கஜானி தினமும் பள்ளிக்குப் போகுமுன் வந்தாள். ராகவியால் தலை பின்னிக்கொள்ள முடியாது. வாசல் படியில் அவளை உட்காரவைத்து, கஜானி பின்னிவிடுவாள். முதல் வாரமே தமயந்தி சீப்போடு போய் நின்றாள்.

"நான் பின்னுறேன்டி. அவ எதுக்கு அவ்வளவு தூரம் பஸ் பிடிச்சு வரணும்?"

"கஜானி வில் டூ இட்."

"வலிக்குதாடா?"

"ஐயம் ஃபைன்."

அதற்குப் பிறகு ராகவி எதற்கும் 'ஃபைன்'தான். பல் பிடுங்கின அன்றும் ஃபைன், காய்ச்சலிலும் ஃபைன். 'சோர்' என்ற சொல் அந்த வீட்டை விட்டே போய்விட்டது. பிம்லாவும் தோட்டத்துக் குழாயை மடித்து வைத்துவிட்டாள். டிரைவ்வேயில் கேட்க ஒன்றுமில்லை. தமயந்தியும் ரவிசங்கரும் கத்துவதை நிறுத்தியிருந்தார்கள், பேசுவதையும்தான். அந்த வீடியோவை ரவிசங்கர் அழிக்கவில்லை என்பதும், சத்தத்தை மூடிவைத்துவிட்டுப் பார்க்கிறார் என்பதும் தமயந்திக்குத் தெரியும்.

வருஷங்கள் ஓடி, போன வருடம் கஜானிக்குக் கல்யாணம். மணவறையில் எல்லாரும் வரிசையாக வந்து அறுகரிசி என்கிற அட்சதை போட்டார்கள். ராகவியின் முறை வந்தபோது வலது மணிக்கட்டு தொங்கி, அரிசி அள்ள வரவில்லை. அவள் தட்டிலிருந்து இடது கையால் அள்ளினாள். பின்னாலிருந்து ஓர் அம்மாள், "இதென்ன, மங்கலக் காரியத்தில இடக்கையாலோ போடுறது!" என்றார். மண்டபத்தில் நாலு தலை திரும்பியது. தமயந்தி தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

கூறைப் புடவையும் மாலையுமாக இருந்த மணப்பெண் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினாள்.

"நீ எந்தக் கையால போட்டாலும் நான் பிடிப்பன். போடு."

ராகவி போட்டாள். பாதி அரிசி கீழே சிந்தியது.

கஜானி புருஷனோடு மெல்பர்ன் போய்விட்டாள். ராகவி நாட்டின் தெற்குக் கோடியில், டனீடனில் வேலை தேடிக்கொண்டாள். ஆக்லாந்தில் கிடைக்காத வேலையில்லை அது. பொங்கல், தீபாவளிக்கு வருவதில்லை. கேட்டால், லீவ் கிடைக்கவில்லை, மற்றபடி ஃபைன். பிம்லா குடும்பம் பெரிய வீடாக வாங்கிக்கொண்டு, எங்கே, மாசிக்கே போய்விட்டது. ரவிசங்கர் கொஞ்ச நாளைக்கு என்று பிரிஸ்பேன் ஆபீஸுக்குப் போனவர், அங்கேயே வீடு எடுத்துவிட்டதாகக் கேள்வி. டிராவல் டீமில் கடைசிவரை டிராவல் பண்ணினவர் அவர் ஒருத்தர்தான் என்று சான்ட்ரிங்ஹாம் கடையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தமயந்தி உள்ளே நுழைந்தால் மட்டும் பேச்சைக் கறிவேப்பிலை விலைக்கு மாற்றிவிடுகிறார்கள்.