எட்டாவது கட்டம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. போர் நடக்கும் இந்த நாட்டில், பொல்தாவா நகரத்தில், என் எதிர்வீட்டுக்காரி சோலோமியா, என் சமையலறையில் உட்கார்ந்து பாதி சொன்னாள். பிறகு தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மருத்துவம் படிக்க வந்து இந்த ஊரோடு தங்கிவிட்டவன் நான். இங்கே எவ்வளவோ கேட்டிருக்கிறேன், மீதிக் கதையைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "இயந்திரத்துக்கு இரக்கம் கிடையாது. அது ஒரு"

அடித்துவிட்டேன். இயந்திரத்தைத் திட்டுவது சுலபம். அதற்குக் கண் திறந்துவிட்டவளே சோலோமியாதான்.

இரண்டாவது முயற்சி: ட்ரோன் எடுத்த படங்களில் மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுதுவதுதான் ராணுவத்தில் அவளுடைய முதல் வேலை. நடப்பவர். சுமப்பவர். கண்ணிவெடி புதைப்பவர். அவள் போட்ட ஆயிரக்கணக்கான கட்டங்களைப் பார்த்துத்தான் செயற்கை நுண்ணறிவு ஆட்களை அடையாளம் காணக் கற்றுக்கொண்டது. (அவற்றில் ஒன்றுகூட ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எடுத்த படம் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

அந்த ஞாயிறு காலை, நிலவறையில் அவள் முன்னால் திரை. எதிரி பிடித்துவைத்திருக்கும் ஒரு கிராமத்தின் ஓரம், மரங்களுக்கடியில் ஏழு வெப்ப உருவங்கள். குனிகிறார்கள். உருண்டையாக எதையோ மண்ணில் வைக்கிறார்கள். இயந்திரம் ஏழு கட்டம் போட்டு எழுதியது: கண்ணிவெடி புதைப்பவர், தொண்ணூற்றொரு சதவீதம் உறுதி. சோலோமியா பொத்தானை அழுத்தினால் குண்டு கிளம்பும்.

"ஓஸ்தாப்ண்ணே, அது கல்லறைத் தோட்டம். இன்னைக்குக் கல்லறை ஞாயிறு. செத்தவங்களுக்கு முட்டை வைக்கிறாங்க."

கமாண்டர் ஓஸ்தாப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முட்டை வைக்க அங்க யாரும்மா இருக்கா? போன வருஷமே ஜனங்கள ஊரோட ஏத்திட்டுப் போயிட்டானுங்க. இன்னைக்கு நாம கை வைக்க மாட்டோம்னு அவனுங்களுக்குத் தெரியாதா? அவனுங்களும் இதே சாமியத்தான கும்பிடுறானுங்க!"

"ஒருவேளை ஜனங்களா இருந்தா?"

"நம்ம பன்னிரண்டு பேரு அந்த மரங்களைத் தாண்டித்தான் திரும்பி வரணும். ரேடியோவ அணைச்சிட்டாங்க, நிறுத்தவும் முடியாது. அங்க இருக்கறது அவனுங்களா இருந்தா, பன்னிரண்டு வீட்டுக்கும் நீ போய்ச் சொல்லுவியா?"

4

இங்கே ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில், அந்த ஏழு பேரில் ஒருத்தியாக அவளுடைய அம்மாவை நிறுத்தியிருந்தேன். உங்கள் கண்ணில் தண்ணீர் வர வேண்டுமே! பிறகு எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் எங்கள் கட்டடத்தில்தான், வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார். அம்மா அங்கே இல்லையென்றால் மகளின் கை தயங்காது என்று எப்படி நினைத்தேன்? வெட்கமாக இருந்தது.

5

ஏழாவது உருவம் தரையில் உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை.*

"உட்காந்துட்டாங்கண்ணே. வெடி புதைக்க வந்தவன் உட்காருவானா?"

"களைச்சுப்போனா எவனும் உட்காருவான். நானே உட்காருவேன்." ஓஸ்தாப் கடிகாரத்தைப் பார்த்தார். "நம்ம ஆளுங்க கிட்ட வந்துட்டா அப்புறம் குண்டு போட முடியாது. பதினஞ்சு செகண்டு இருக்கு. சொல்லும்மா."

இந்த இடத்தில்தான் அவள் கோப்பையைக் கழுவ எழுந்தாள்.

* 'உட்கார்ந்திருப்பவர்' என்றொரு பெயர் அவளுக்குக் கொடுத்த பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. அதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

6

முடிவு ஒன்று: அழுத்தினாள். பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மரத்தடியில், கல்லறைமேல் விரித்த வெள்ளை மேஜைவிரிப்பில் [நிறுத்துகிறேன்]

முடிவு இரண்டு: கையை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு பேரில் [இதையும்]

நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். இந்த வருஷம் கல்லறை ஞாயிறன்று சோலோமியா எங்கள் கட்டடத்துக்காரர்களோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். பெயர் அழிந்துபோன ஏதோ ஒரு கல்லறையில் சிவப்பு முட்டை ஒன்றை வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். எல்லோரும் கூடைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. ஏழு பேருக்காகவா, பன்னிரண்டு பேருக்காகவா, அந்தப் பதினைந்து செகண்டுக்காகவா, அவள் முதுகைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

அவளைச் சுற்றி எட்டாவதாக ஒரு கட்டம் போட்டுவிட்டேன். மேலே என்ன பெயர் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதுங்கள்.